“ஐஸ் பத்தலை” என்றவர்

ஞாயிறு காலை, என்னோடு ஆராய்ச்சி செய்த ரஹீம் போன் செய்தான். “அக்கா, ஞானராஜ் சார் போயிட்டாரு. ஹார்ட் அட்டாக். டிபார்ட்மென்ட் நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும்.” வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை.

தாம்பரம் கல்லூரியில் எங்கள் தாவரவியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். அவரிடம் படித்தவர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். ஆடட்டும். எண்பதுகளில் அவருக்குக் கீழே ஆராய்ச்சி செய்தவள் நான்.

தட்டைப்பயறு வேர்முடிச்சுகள்தான் என் வேலை. மொட்டை மாடித் தொட்டிகளில் பாதிக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவேன். தண்ணீர் குடித்த செடியின் முடிச்சை நறுக்கினால் உள்ளே சிவப்பாக இருக்கும். காய்ந்ததில் பச்சையும் பழுப்புமாகக் கிடக்கும். அந்தச் சிவப்பைத் தரும் புரதம் வறட்சியில் சிதைகிறது என்பது என் முடிவு. முடிச்சை அரைத்த சாற்றின் புரதங்களைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் என் ஜெல்லை சார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னார்: “இது வறட்சி இல்லம்மா, உன் சோம்பேறித்தனம். அரைக்கிறப்போ ஐஸ் பத்தலை.” சூடு ஏறினால் புரதம் தானாகவே உடையும் என்பது உண்மைதான். ஆனால் நான் ஐஸில் குறை வைத்ததே இல்லை.

ஒரு நாள் இரண்டு வகை முடிச்சுகளையும் நீட்டி, “நீங்களே அரைங்க சார்” என்றேன். ஒரே பெட்டி ஐஸில் வைத்து அவர் கையாலேயே அரைத்தார். மறுநாள் ஜெல்லில் தண்ணீர் குடித்த செடியின் புரதம் அப்படியே இருந்தது. காய்ந்த செடியினுடையது சிதைந்திருந்தது. வெகுநேரம் பார்த்தார். “ஐஸ் பத்தலை” என்றார்.

“பத்தலைன்னா ரெண்டுமே கெட்டிருக்கணுமே சார்?” என்றான் பக்கத்து மேசையில் பாசி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரஹீம்.

“நீ போய் உன் பாசியைப் பாருடா.”

ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். பட்டம் தள்ளிப்போனது, துறையில் காலியான விரிவுரையாளர் வேலை வேறொருவருக்குப் போனது. நான் கூடுவாஞ்சேரியில் பள்ளி ஆசிரியை ஆனேன்.

பல வருடம் கழித்துத் தாம்பரம் பிளாட்பாரத்தில் அவரே கூப்பிட்டுப் பேசினார். “வறட்சியில முடிச்சுப் புரதம் சிதையும்னு இப்ப கிளாஸ்ல நடத்துறேம்மா. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே!” “அப்ப நான் சொன்னது சரிதானே சார்?” என்றேன். வண்டி வந்துவிட்டது என்று ஏறிக்கொண்டார்.

நல்லடக்கம் முடிந்தது. அவரிடம் படித்த நீங்கள் எல்லோரும் மன்னித்துவிடு என்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டியவர் சொல்லாமலே போய்விட்டார். இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்? அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம் மட்டும்தான். அதையும் பிடுங்காதீர்கள்.