வாசலில் நின்றவள் வரவில்லையாம்

நோர்மா பிளெங்கின் சந்தேகப்படாமல் நம்பியது ஒன்றே ஒன்றுதான், மழை. ஹம்பர் ஆற்றை ஒட்டிய எங்கள் ஊரில் அது வராமல் ஏமாற்றியதே கிடையாது. மற்றபடி பால் பாட்டிலை முகர்ந்து பார்க்காமல் வீட்டுக்குள் எடுத்துப் போக மாட்டாள். மீன் கடையில் தராசு நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பாதிரியார் கை கொடுக்க வந்தால்கூட, அவருடைய இன்னொரு கையில் உண்டியல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தன் கையை நீட்டுவாள். கெட்டவள் இல்லை. தெருவில் யாராவது படுத்துவிட்டால் முதல் சட்டி சூப் அவள் வீட்டிலிருந்துதான் போகும். அந்தச் சட்டி திரும்பி வரும்வரை அவளுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

இந்தக் குணம் அவளுக்குப் பாதி பிறவியிலேயே வந்தது. மீதிப் பாதி கணவன் லென் ஏமாந்ததில் வந்தது. ஒருநாள் காலையில் அவனுக்கு போன் வந்தது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று தேனாய்ப் பேசினார்கள். லென் பிறந்த தேதியைச் சொன்னான், பிறந்த தெருவைச் சொன்னான், அம்மாவின் பிறந்த வீட்டுப் பேரையும் சொன்னான். மத்தியானத்துக்குள் சேமிப்பு துடைத்து எடுத்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. பிறகு நிஜ வங்கிக்காரர்கள் உட்காரவைத்து உபதேசம் செய்தார்கள்: யார் கூப்பிட்டுக் கேட்டாலும் உங்கள் விவரத்தைச் சொல்லாதீர்கள். சாகும்வரை லென் அந்த போனைத் தொடவில்லை. நோர்மா அந்த உபதேசத்தை வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்தது கேரவன் தொழிற்சாலையில். கடற்கரைக்குப் போகிறவர்கள் தங்குகிற அந்த வண்டி வீடுகளுக்குத் திரை தைப்பாள். இந்த ஊரில் கேரவன் செய்யாத கைகள் குறைவு. ஆர்டர் குறைந்தபோது முதலில் தையல் பிரிவைத்தான் மூடினார்கள். அறுபதைத் தாண்டிய பெண்ணுக்கு யார் வேலை தருவார்கள்? தேடிக்கொண்டே இருந்தாள். தேடுகிறாள் என்று காட்டுவதற்காக, வேலை இல்லாதவர்களுக்கு அரசு பணம் தரும் உதவிப்பண ஆபீசுக்கு ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் போனாள். அங்கே பியாட்டா என்ற போலந்துக்காரப் பெண் அவள் கணக்கைப் பார்த்தாள். இவள் ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று முதலில் சந்தேகப்பட்ட நோர்மா, சிரிப்பு மாதக்கணக்கில் மாறாததைப் பார்த்து ஒருவழியாகச் சமாதானம் ஆனாள்.

அந்தப் பணத்தில்தான் வாடகை போனது. பணம் நின்றால் வீடு போகும். வீடு போனால் கடலோரத்தில் இருக்கும் தங்கை கிளெண்டா வீட்டின் பின்னறைதான் கதி. அங்கே வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், கிளெண்டா சொல்கிற நேரத்தில்தான் ஹீட்டர் போட வேண்டும், மாலையானால் அவள் கணவன் பேரி ஆர்கன் வாசிப்பதைக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட, சொந்தச் சாவி கிடையாது. சொந்தமாகப் பூட்டித் திறக்க ஒரு கதவு இல்லாத பிழைப்பு என்ன பிழைப்பு என்பாள் நோர்மா.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மெசேஜ் வந்தது. உங்கள் சந்திப்பு மாற்றப்பட்டுள்ளது. அலுவலகத்துக்கு வர வேண்டாம். செவ்வாய் காலை நாங்களே கூப்பிடுவோம். எண் மறைந்து வரலாம்.

நோர்மா போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஐரீனிடம் போனாள்.

"பாத்தியா, வராதேங்குது. நம்பரையும் காட்ட மாட்டாங்களாம். திருடன் வேற எப்படி எழுதுவான்?"

"கவர்மெண்டும் இப்படித்தான்டி எழுதும்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுங்கறியா?"

"நான் எங்க சொன்னேன், நீதான் சொல்ற."

"போன தடவை பியாட்டா 'செவ்வாக்கிழமை பாப்போம்'னா. பாப்போம்னுதான் சொன்னா, பேசுவோம்னு சொல்லல."

"அவளுக்கே அப்பத் தெரியாதோ என்னவோ. பேசாம வீட்ல உக்காந்து போனை எடு."

"எடுத்து லென் மாதிரி ஏமாறவா?"

"உங்கிட்ட ஏமாத்தி எடுக்க என்னடி இருக்கு, அந்தத் தேஞ்சுபோன சோபாவா?"

நோர்மா சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, குடையோடு, எப்போதும் போகிற பஸ்ஸில் ஆபீசுக்குப் போய்விட்டாள்.

வாசல் காவலுக்கு டெர்ரி என்று ஒருவன் இருந்தான். அலமாரி மாதிரி உடம்பு, பூனைக்குட்டி மாதிரி மனசு. அவன் கையிலிருந்த பலகையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"நோர்மாம்மா, உங்க பேரு இன்னிக்கு இதுல இல்லியே."

"இருக்காது. ஏன் இல்லேன்னு கேக்கத்தான் வந்தேன்."

"பேரு இல்லாதவங்கள உள்ள விடக்கூடாது. உங்களுக்கு இனிமே போன்லதான்."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

"உனக்கு யார் சொன்னா?"

"மேலேர்ந்து சொன்னாங்க."

"நேர்லயா, மெசேஜ்லயா?"

டெர்ரி காதைச் சொறிந்தான். "மெசேஜ்லதான்" என்றான்.

"பியாட்டாவக் கூப்பிடு."

"அவங்கள வேற கிளைக்கு மாத்திட்டாங்கம்மா."

நோர்மாவுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. தெரிந்த முகத்தை அப்புறப்படுத்திவிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். நம்பரை மறைத்துவிட்டார்கள். இனி என்ன மிச்சம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். எண் இல்லை.

"பாரு டெர்ரி. நான் ஆபீஸ் வாசல்ல நிக்கறேன். இவன் ஆபீஸ்லேர்ந்து பேசறேம்பான்."

"எடுத்துதான் பாருங்களேன்."

"எடுக்க மாட்டேன்."

அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. இரண்டு பேரும் அதை ஏதோ பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அடங்கியதும் நோர்மா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மழையில் வீடு வந்து சேர்ந்தாள்.

சாயங்காலம் அடுத்த மெசேஜ். நீங்கள் சந்திப்புக்கு வரவில்லை. வியாழக்கிழமை கூப்பிடும்போது தகுந்த காரணம் சொல்லாவிட்டால் பணம் நிறுத்தப்படும்.

வாசல் வரைக்கும் போனவளை வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கு அவளுக்கு டீ இறங்கவில்லை. இதில் ஐரீன் மூலம் விஷயம் தெரிந்து கிளெண்டா வேறு போன் செய்தாள்.

"இதுக்குத்தான்க்கா அப்பவே சொன்னேன், நீ தனியா கெடந்து அல்லாட வேண்டாம்னு. பேரி பின்ரூம்ல கட்டில்கூடப் போட்டுட்டாரு."

"நான் இன்னும் விழவே இல்ல. அதுக்குள்ள கட்டிலா?"

"உன் நல்லதுக்குதானே."

"எல்லாருமே அதத்தான் சொல்றாங்க" என்று நோர்மா வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை போன் அடித்தபோது ஐரீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எடு எடு என்று முழங்கையால் இடித்தாள். நோர்மா எடுத்தாள். இளம் பெண் குரல்.

"மிசஸ் பிளெங்கின், உங்க சந்திப்பு விஷயமாப் பேசறேன். மொதல்ல உங்க பிறந்த தேதி சொல்லுங்க."

"நீ யாரு?"

"நீங்க யாருன்னு சரிபாத்தப்புறம்தான் மேல பேச முடியும் மேடம்."

"என் வீட்டுக் கதவத் தட்டிட்டு உள்ள இருக்கறவள யாருன்னு கேக்கறியா? தட்டினவங்கதான் பேரச் சொல்லணும்."

"என் பேரு ருக்சானா. உதவிப்பண ஆபீஸ்லேர்ந்து பேசறேன்."

"அப்படியா. வாசல்ல நிக்கறானே ஒரு தடியன், அவன் பேரு என்ன?"

"அந்த மாதிரி விவரம் குடுக்கக் கூடாதுங்க."

"தெரியாதுன்னு சொல்லு."

"தெரியும். சொல்லக் கூடாது."

"எனக்கும் அதேதான். பிறந்த தேதி தெரியும், சொல்லக் கூடாது. வங்கில சொல்லியிருக்காங்க."

"இப்படியே இருந்தா நீங்க பேச மறுத்துட்டீங்கன்னுதான் நான் போட வேண்டியிருக்கும். திங்கக்கிழமை இன்னொரு தடவை கூப்பிடுவோம். அதான் கடைசி" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. லைன் போய்விட்டது.

"ஜெயிச்சிட்டியா?" என்று கேட்டாள் ஐரீன்.

"ஜெயிச்சிட்டேன்."

"நல்லது. அடுத்த மாச வாடகைக்கு அந்த ஜெயத்தத் தூக்கிக் குடு."

நோர்மா பாத்திரம் கழுவப் போனாள். தேய்த்த வேகத்தில் ஒரு கோப்பையின் காது உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தாள். வீட்டில் உட்கார்ந்து போனை எடுத்தால் திருடனுக்குச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். எடுக்காவிட்டால் கிளெண்டாவின் கட்டில். தோற்பதானால் அவர்கள் வாசலிலேயே நின்று தோற்போம் என்று முடிவு செய்து, திங்கட்கிழமை காலை மறுபடியும் நீலக் கோட்டோடு ஆபீசுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நின்றாள்.

டெர்ரி ரோட்டைத் தாண்டி வந்தான். "உள்ள விட முடியாதும்மா, சும்மா நனையாதீங்க."

"தெருவும் உங்க ஆபீசோடதா?"

"இல்ல."

"அப்ப நிக்கறேன்."

டெர்ரி முன்னும் பின்னும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. உங்களக் கூப்பிடறவங்க எங்கியோ வெளியூர்ல இல்ல. இதோ மேல் மாடில மேசை போட்டு உக்கார வச்சிருக்காங்க. அந்தத் திரை போட்ட ஜன்னல் பக்கம்."

நோர்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு டெர்ரியைப் பார்த்தாள். "நீ எதுக்கு இத எங்கிட்ட சொல்ற?"

"அட, நல்லதுக்குச் சொன்னாலும் குத்தமா?" என்று டெர்ரி நொந்துகொண்டான்.

அப்போது போன் அடித்தது. எண் இல்லை. நோர்மா எடுத்தாள். அதே குரல், அதே கேள்வி.

"தேதி சொல்றேன்" என்றாள் நோர்மா. "நீ மேல் மாடிலதான இருக்க? ஜன்னலுக்கு வா."

"என்னங்க?"

"எதிர்த்தாப்பல ரோட்டுல நீலக் கோட்டு போட்டுக் குடை பிடிச்சுட்டு ஒருத்தி நிக்கறா. வந்து பாரு."

"பேசறப்ப மேசைய விட்டு எந்திரிக்கக் கூடாதுங்க."

"ஏன், கட்டியா போட்டிருக்காங்க?"

ஒரு பஸ் குறுக்கே வந்து நின்று, ஆள் இறக்கி, மெதுவாக நகர்ந்தது. பஸ் போனபோது மேல் மாடித் திரையின் பட்டைகள் இரண்டு விரல் அளவுக்கு விலகியிருந்தன. பிறகு திரை முழுவதும் மேலே போனது. தலையில் முக்காடும் காதில் போன் கருவியுமாக ஒரு சின்னப் பெண் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீதானா?" என்றாள் நோர்மா.

"நான்தான்." மேலே உதடு அசைந்ததும் இங்கே காதில் கேட்டதும் ஒன்றாக இருந்தன.

"கையத் தூக்கு பாப்போம்."

அந்தப் பெண் கையைத் தூக்கினாள். நோர்மா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். டெர்ரி பக்கம் திரும்பி, "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றாள். அவன் திரும்பிக்கொண்டான். வாயைக் கையால் மூடிக்கொண்டு பிறந்த தேதியைச் சொன்னாள்.

"சரியா இருக்கு மேடம். செவ்வாக்கிழமை நீங்க போன எடுக்கலியே, என்ன காரணம்?"

"அந்நேரம் உங்க வாசல்ல நின்னுட்டிருந்தேன். உள்ள விடல."

"வாசல்லயா? யாராவது பாத்தாங்களா?"

நோர்மா போனை டெர்ரியிடம் நீட்டினாள். அவன் வாங்கி, "ஆமா ருக்சானா" என்றான். "இங்கதான் நின்னாங்க. ரெண்டு தடவை மணி அடிச்சுது, நானே கேட்டேன். ஆமா. சரி, சரி."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது நோர்மா அவனை உற்றுப் பார்த்தாள். "பேரச் சொல்லிக் கூப்பிடற அளவுக்குப் பழக்கமா?"

"டீ போட்டுக் குடுக்கறவளே அவதாம்மா. மேல கூட்டிட்டு வரச் சொல்றா. வாங்க."

மேலே ருக்சானா நாற்காலியை இழுத்துப் போட்டாள். பக்கத்தில் பார்க்கும்போது இன்னும் சின்னப் பெண்ணாக இருந்தாள். "இந்த நம்பர்லேர்ந்து கூப்பிட்டா எங்கம்மாவே எடுக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தாள். நோர்மா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"முடிஞ்சுது. பணம் நிக்காது. இனிமே நீங்க நேர்லயே வரலாம்."

"கம்ப்யூட்டர் திரைய இப்படித் திருப்பு."

ருக்சானா திருப்பினாள். வாசலுக்கு வந்திருந்தார், உள்ளே அனுமதிக்கப்படவில்லை, நிறுத்தத் தேவையில்லை, சந்திப்பு நேரில். நோர்மா ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"கீழ இன்னும் ஏதாவது இருக்கா?"

ருக்சானா கீழே இறக்கிக் காட்டினாள். ஒன்றும் இல்லை.

"அதுக்கும் கீழ?"

"அதுக்கும் கீழ தரைதாங்க" என்றாள் ருக்சானா. அப்போதுதான் நோர்மா முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

அப்படியும் பணம் வருகிறவரை அவள் கிளெண்டாவிடம் மூச்சு விடவில்லை. வந்த அன்று அதை வங்கியிலிருந்து எடுத்து, நேராகப் போய் வாடகையைக் கட்டி, வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டுதான் தங்கைக்கு போன் செய்தாள்.

"கட்டில மடிச்சு வச்சிடு கிளெண்டா. நான் வரல."

"என்னக்கா, எல்லாம் சரியாப் போச்சா?"

"போச்சு."

தங்கை சந்தோஷப்படுவாள் என்று நினைத்தால், கிளெண்டா இழுத்தாள். "இல்ல, பேரியோட அம்மா அடுத்த வாரம் வந்துடறாங்க. அவங்களால படி ஏற முடியாது, குளிக்கவும் ஆள் வேணும். நீ இருந்தா கூடமாட ஒத்தாசையா..."

"அப்படிப் போகுதா கதை" என்றாள் நோர்மா.