அம்மா வீட்டிலிருந்த இலையுதிர்காலம்

எங்கள் வீட்டுக் குசினிக்குள் பகலில் வெயில் விழும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அஜின்கோர்ட்டில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அவர் இருட்டோடு வேலைக்குப் போய், பின்னேரம் இன்னோர் இடத்தில் துப்புரவு வேலையும் செய்து, இருட்டோடு திரும்பியவர். சனி, ஞாயிறுகளில் உடுப்புத் தோய்க்கவும் கடைக்குப் போகவும் கிழமைக்கெல்லாம் சேர்த்துச் சமைக்கவும் நேரம் சரியாகிவிடும். நிலத்தில் என்ன விழுகிறது என்று பார்க்க அவருக்கு ஓய்வு இருந்ததில்லை.

செப்டெம்பரில் ஒரு காலை, "நிலாணி, ஓடி வா!" என்று கூப்பிட்டார். கையை வெட்டிக்கொண்டுவிட்டாரோ என்று பயந்து ஓடினேன். அம்மா அடுப்புக்கு முன்னால் நின்று நிலத்தைக் காட்டினார்.

"பார், வெயில்."

"ஓம், வெயில்தான்."

"ஒவ்வொரு நாளும் வாறதோ?"

"நான் கம்பசில இருந்தனான். எனக்கெப்பிடித் தெரியும்?"

"வீடு வாங்கேக்க அந்த ஏஜென்ட் சொன்னவன், நல்ல வெளிச்சமான குசினி எண்டு. விக்கிறதுக்குப் புழுகிறானெண்டு நினைச்சன்." அம்மா கதிரையை இழுத்து அந்த வெளிச்சத்துக்குள் போட்டு உட்கார்ந்தார். வெயில் சுவர்ப்பக்கம் நகர, கதிரையும் நகர்ந்தது.

அம்மாவின் பெயர் யோகமலர். உறைந்த கோழி பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், குளிரூட்டிய மண்டபத்தில், ஓடும் பெல்ற்றுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் வேலை. வலது கை விறைத்து, இரவில் எரிந்து, கடைசியில் கோடையில் மணிக்கட்டில் வெட்டித் தைத்தார்கள். ஒக்ரோபர் நடுப்பகுதி வரை ஓய்வு, அதன்பிறகு இலகுவான வேலை என்று டொக்ரர் எழுதிக் கொடுத்தார். இலகுவான வேலை என்றால் அதே பெல்ற்றின் மறு அந்தம் என்று அம்மா சொன்னார். துப்புரவு வேலை அதோடு போய்விட்டது.

நான் அந்த வசந்தத்தில்தான் பட்டம் பெற்றிருந்தேன். சமூகவியல். அம்மா பக்கத்திலும் அப்பா பக்கத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டமளிப்புப் படம் வரவேற்பறையில் ரீவிக்கு மேலே தொங்கியது. நான் அதற்குக் கீழே இருந்து வேலைகளுக்கு விண்ணப்பித்துக் கொண்டிருந்தேன். அப்பா எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு லொறி ஓட்டுபவர், வீட்டில் நிற்பது குறைவு. அவருடைய சம்பளத்தோடு இன்னொரு சம்பளம் வீட்டுக்குத் தேவை. அது யாருடையது என்பதுதான் கேள்வி.

"நீ ஒரு வேலையில ஏறிட்டியெண்டா, நான் உந்தக் கோழியின்ர பக்கமே திரும்பமாட்டன்," என்று அம்மா சொல்லியிருந்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு என் மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்டது.

ஆனால் அம்மா அந்த நாட்களில் சந்தோசமாக இருந்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மத்தியானத்தில் தலைக்கு எண்ணெய் வைத்து ஆறுதலாகக் குளித்தார். சாப்பிட்ட கோப்பையை உடனே கழுவாமல் விட்டுவிட்டு, அதை ஏதோ களவு செய்தவர்போல் பார்த்துச் சிரித்தார். காற்றுக் குளிர்ந்து முதன்முதலாக ஹீற்றரைப் போட்ட நாளில், நிலத்தில் சூடு வரும் கம்பித் தட்டின்மேல் இரண்டு பாதங்களையும் வைத்து, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். சூட்டோடு புழுதி மணமும் வந்தது. "இந்த மணமும் நல்லாத்தான் கிடக்கு" என்றார். பின்வளவுக்கு அப்பாலுள்ள சீனர் வீட்டு மேப்பிள் மரம் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளானதை அவர்தான் முதலில் கண்டார்.

இதெல்லாம் பின்பக்கத்தில் நடந்தது. முன்பக்கத் திரைச்சீலை எப்போதும் மூடியே இருந்தது. அம்மா வீட்டில் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒருவர் பேரப்பிள்ளையைப் பார்க்க விடுவார், இன்னொருவர் பெரியபிள்ளையான மகளின் சாமத்தியவீட்டுக்குப் பலகாரம் சுடக் கூப்பிடுவார், கோயிலில் 'யோகத்துக்குக் கை ஏலாதாம்' என்று கதை வரும். கைத்தொலைபேசி அடித்தால் அம்மா முதலில் அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் போடுவார். பிறகுதான் எடுப்பார். ஒரு நாள் கோயிலில் பழக்கமான புனிதவதியக்கா அழைத்தபோது, அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"ஓமோம் புனிதவதியக்கா, பிரேக்கில நிக்கிறன்... மிசின் சத்தம், கேக்குதோ?"

"கேக்குது பிள்ளை. பாவம், எப்பிடித்தான் உந்தச் சத்தத்துக்க நிக்கிறியோ. அங்கயும் கருவாட்டுக் குழம்போ சாப்பாட்டுக்கு?"

"அதெப்பிடித் தெரியும்?"

"நேற்றுக் கடையில கருவாடு வாங்கேக்க கண்டனான்."

தொலைபேசியை வைத்த பிறகு அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "நான் நினைச்சன், மணத்தையும் கண்டுபிடிச்சிட்டா எண்டு."

செப்டெம்பர் கடைசியில் சில நாட்கள் கோடைபோல எறித்தது. அம்மா மோர்மிளகாய் போட வெளிக்கிட்டார். வலது கைப் பெருவிரலால் இன்னும் அழுத்தமுடியவில்லை, இடது கையால் ஒவ்வொரு மிளகாயையும் கீறி, உப்பும் தயிரும் விட்டு ஊறவைத்தார். காயவைப்பதற்கு இந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்த நல்ல இடம், கண்ணாடி ஏற்றி வெயிலில் விட்ட கார். அணில் வராது, அயலவர் கேட்கமாட்டார்கள். எங்கள் பழைய கொறோலாவின் பின்கண்ணாடியோரம் இலவசத் தமிழ்ப் பத்திரிகையை விரித்து, தட்டுகளைப் பரப்பினார். பின்னேரங்களில் கார்க் கதவைத் திறந்து ஒரு மிளகாயை நசித்துப் பார்த்துவிட்டு வருவதே ஒரு நடை.

அந்த நேரத்தில்தான் மார்க்கம் நகரில் ஒரு சிறிய சமூக நிறுவனத்தில் எனக்கு நேர்முகம் கிடைத்தது. எனக்கு அவ்வளவு பொருத்தமான வேலை அதற்கு முன் வந்ததில்லை. புறப்படும்போது தட்டுகளை எடுத்து உள்ளே வைத்தோம். ஆனால் நாட்கணக்காக மூடிக்கிடந்த காரில் மோரும் மிளகாயும் ஊறிப்போயிருந்தன. கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினேன். எனக்கு மணம் பழகிவிட்டிருந்தது, போய்விட்டது என்று நினைத்தேன்.

ஸ்டெபனி என்ற பெண்தான் கேள்வி கேட்டார். நல்ல பெண். இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது எழுந்துபோய் யன்னலைக் கொஞ்சம் திறந்தார். அறை வெக்கையாக இருக்கிறது என்றார். உண்மையில் வெக்கையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அதற்குப் பிறகு என் கோட்டின் கைகள் மட்டுமே நினைவிருந்தன. கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, தெரிந்த விடயங்களையே தடுமாறிச் சொன்னேன்.

அடுத்த கிழமை, வேறொருவரைத் தெரிவுசெய்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. யன்னல் கதையை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கக்கூடாது. சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய் அலுமாரியிலிருந்து என் கோட்டை எடுத்து முகத்தருகே பிடித்தார்.

"என்ர கடவுளே."

"அம்மா, அது காரணமில்லை. என்னை விட அனுபவமான ஆள் வந்திருக்கும்."

"உனக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. மணத்தால் என்றால் கோபப்படலாம், திறமையில்லாததால் என்றால் வெட்கப்படலாம். இரண்டில் எதுவென்று தெரியாததால் எதையும் செய்யமுடியவில்லை. அம்மாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அரைகுறையாய்க் காய்ந்த மிளகாய்களைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டார். அன்றிலிருந்து சூட்டுத் தட்டில் கால் வைப்பதில்லை. வெயில் வந்து தன்பாட்டில் நிலத்தில் கிடந்துவிட்டுப் போனது. சாப்பிட்ட கோப்பையை உடனே கழுவினார்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அம்மாவின் தொழிற்சாலைக்கு ஆள் சேர்த்து, வான் வண்டியில் ஏற்றிப் போகிற கிளிபோட் அங்கிளைக் கூப்பிட்டு, எனக்கு ஓர் இடம் இருக்குமோ என்று கேட்டேன். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னேன். அம்மாவுக்காகத்தான் கேட்டேன் என்று அப்போது நம்பினேன். இனி விண்ணப்பம் எழுதத் தேவையில்லை என்ற நிம்மதியும் அதற்குள் இருந்திருக்கவேண்டும், ஏனென்றால் அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

கிளிபோட் அங்கிள் வாக்குத் தவறும் மனிதர் அல்ல. அவர் அம்மாவிடம் ஒன்றையும் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தார். மறுநாள் தொலைபேசி அடித்தது. அம்மா வழக்கம்போல விசிறியைப் போட்டுவிட்டு எடுத்தார். கிளிபோட் அங்கிளின் குரலைக் கேட்டதும் நிறுத்தினார். அவருக்குத்தான் உண்மை தெரியுமே.

"யோகாக்கா, உங்கட சேஃப்ரிச் சப்பாத்து நிலாணிக்கு அளவாயிருக்குமோ? இல்லாட்டி நான் ஒரு சோடி தேடிப் பாக்கிறன்."

அம்மா என்னைப் பார்த்தார். எதிர்முனையில் அங்கிள் "ஐயோ, அக்கா" என்று தொடங்குவது எனக்குக் கேட்டது.

"பிறகு எடுக்கிறன் கிளிபோட்," என்று வைத்தார். என்னிடம் கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார். "எப்ப துவங்கிறதா எண்ணம்?"

"கொஞ்ச நாளைக்குத்தானேம்மா. நல்ல வேலை ஒண்டு வருமட்டும்."

"நானும் கொஞ்ச நாளைக்கெண்டுதான் போனனான். நீ அப்ப வயித்துக்க."

"உங்கட கை அம்மா. டொக்ரர் என்ன சொன்னவர்?"

"கை என்ர கை." தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். "என்ர பிள்ளை அந்தக் குளிருக்க நிக்க, நான் இஞ்ச இருந்து குடிக்கிற தேத்தண்ணி தொண்டையால இறங்குமே? சொல்லு பாப்பம். படிச்சனிதானே."

அம்மா அங்கிளைத் திரும்ப அழைத்தார். "கிளிபோட், திங்கக்கிழமை நான் வாறன். என்ர இடத்தை ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதை... ஓம், கை சுகம்."

லொறியிலிருந்து அப்பா கூப்பிட்டபோது, கை சுகமாகிவிட்டது, சும்மா இருந்து அலுத்துப்போச்சு என்று அம்மா சொன்னார். அப்பா நம்பினார். அல்லது நம்புவதுதான் வசதி என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை விடியமுன்னர் மழை தூறியது. வீதியில் ஈர இலைகள் ஒட்டிக்கிடந்தன. சாப்பாட்டுப் பெட்டியை நான் கட்டினேன். அம்மா படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து, இரும்பு வைத்த அந்தச் சப்பாத்துக்குள் கால்களை நுழைத்துவிட்டு, கயிற்றோடு மினக்கெட்டுக் கொண்டிருந்தார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கயிறு நிற்கவில்லை. பிடிக்கப் பிடிக்க வழுகியது. நான் பார்ப்பதைக் கண்டதும் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் முன்னால் முழங்காலில் இருந்து கயிற்றை வாங்கினேன். வெளியே கிளிபோட் அங்கிளின் வான் வண்டி விளக்கு மூடிய திரைச்சீலையில் பட்டு நின்றது.

"இறுக்கிக் கட்டு," என்றார் அம்மா. "அவிழ்ந்துதெண்டா அங்க என்னால கட்டேலாது. ஆரையும் கேக்கவும் ஏலாது, கை சுகமெண்டு சொல்லியாச்சு."

இரண்டு முடிச்சுப் போட்டேன். போதுமா என்று கேட்டேன். அம்மா எழுந்து நின்று, நிலத்தில் ஒருதரம் உதைத்துப் பார்த்துவிட்டு, "காணும்" என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.