ஜப்பானியப் படத்துக்கு ஐந்து ஏன்

படம் நின்றுவிட்டது என்று நினைத்து, எழுந்து போய்க் கணினியைத் தட்டியது நான்தான். திரையில் ஒரு காலி அறை. தரையில் பாய், மூலையில் ஒரு கெட்டில். ஆள் யாரும் இல்லை. பத்து விநாடி அப்படியே இருந்தது. எங்கள் பள்ளி ஹைடெக் லேபில் எதுவும் பத்து விநாடி அசையாமல் இருந்தால் ஹேங் ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். நான் தட்டிய தட்டில் படம் உண்மையிலேயே நின்றுபோனது.

"உன்னை யாரு பிள்ளே எழும்பச் சொன்னா?" என்றார் இங்கிலீஷ் மிஸ். அவருக்கு நாகர்கோவில் பக்கம். கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு தானாக வந்துவிடும். "அது ஓடிட்டுதான் இருந்துச்சு. அந்த ரூமை நாம பாக்கணும்னுதான் டைரக்டர் காட்டுதாரு."

"ரூம்ல யாருமே இல்லியே மிஸ்?"

"அதைத்தான் பாக்கணும்."

வகுப்பே சிரித்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. எதையாவது புரியவில்லை என்று விட்டுவிட்டுத் தூங்குகிற ஆள் இல்லை நான். ஆளில்லாத அறையில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

அது நான் பிளஸ் ஒன் படித்த வருடம். சுங்குவார்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் தள்ளி எங்கள் பள்ளி. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடில் ஒரு பழைய ஜப்பானிய இயக்குநரின் படங்களைப் பார்க்கப்போகிறோம் என்று மிஸ் சொன்னபோது, காரணம் எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தோம். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் ஜப்பான் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஆனால் காரணம் அதுவல்ல. படத்தின் அடியில் வரும் ஆங்கில வரிகளை நாங்கள் முறைவைத்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். வேறு படமாக இருந்தால் ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மூன்று வரி ஓடிவிடும். இந்த மனிதரின் ஆட்கள் மெதுவாகப் பேசுவார்கள், கொஞ்சமாகப் பேசுவார்கள், பேசிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். "உங்க வாசிப்புக்கு இவருதான் லாயக்கு" என்றார் மிஸ். உலகமே கொண்டாடும் ஒரு இயக்குநர் எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

முதல் வாரம் கொட்டாவி விட்டோம். இரண்டாவது வாரம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. கேமரா எப்போதும் தரையை ஒட்டியே இருந்தது. "கேமராமேனும் சாப்புட உக்காந்துகிறாரு மிஸ்" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி சொன்னாள். மிஸ் அவளைத் திட்டவில்லை. சரியாகச் சொன்னாய் என்று கைதட்டச் சொன்னார். எங்கள் வீட்டிலும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அந்த ஜப்பான்காரர்கள் கால் மடக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க, கம்பெனி கேட்டுக்குள் காரில் போகிற ஜப்பான்காரர்களும் வீட்டில் இப்படித்தான் உட்காருவார்களோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் ஓர் அப்பா, ஒரு மகள். அம்மா இல்லை. மகளுக்கு வெகுதூரத்தில் ஒரு நகரத்தில் டீச்சர் வேலை வருகிறது. அவள் போகமாட்டேன் என்கிறாள். அப்பா சிரித்த முகமாக, "எனக்கென்ன கஷ்டம், நான் பார்த்துக்கொள்வேன், நீ போ" என்கிறார். ஒருமுறையல்ல, நாலைந்து முறை. அவர் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் மகளின் முகம் வாடிப்போகிறது. மகளின் வரிகள் என் பங்குக்கு வந்தன. நான் இங்கேயே சந்தோஷமாக இருக்கிறேன் அப்பா என்ற வரியைத் திக்கித் திக்கிப் படித்தேன். இந்தப் பெண்ணுக்கு என்னதான் பிரச்சினை என்று எனக்குக் கோபமாக வந்தது. அப்பாவே போகச் சொல்கிறார், மூட்டையைக் கட்டவேண்டியதுதானே?

அவள் ஏன் போகவில்லை என்று ஒரு பக்கம் எழுதி வந்து வாசிக்க வேண்டும் என்றார் மிஸ். நான் அக்காவின் வித்தையை எடுத்துக்கொண்டேன்.

அக்கா ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டும் ஒரு ஜப்பான் கம்பெனியில் இருந்தாள். அங்கே லைனில் ஒரு பழுது வந்தால் ஏன் என்று கேட்பார்கள். வருகிற பதிலுக்கும் ஏன். இப்படி ஐந்து முறை தோண்டினால் மூலக் காரணம் கைக்கு வந்துவிடுமாம். அக்கா இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். பால் பொங்கினால்கூட விசாரணை நடக்கும். ஏன் பொங்கியது, ஏன் பார்க்கவில்லை, ஏன் போனை எடுத்தாய் என்று போய், ஐந்தாவது ஏன் வரும்போது குற்றவாளியாக நான் நின்றுகொண்டிருப்பேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை என் ஐந்து ஏன்களைக் கரும்பலகையில் எழுதினேன். மகள் ஏன் போகவில்லை? அப்பா தனியாகிவிடுவார். ஏன் தனியாகிவிடுவார்? அம்மா இல்லை. இப்படியே இறங்கி, அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது என்ற மூலக் காரணத்தில் போய் நின்றேன். பாதி வகுப்புக்கு இந்த முறை தெரியும், அதனால் பலத்த கைதட்டல். மிஸ் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சும் அப்பாவோட காரணமால்லா இருக்கு" என்றார். "அவளோட காரணம் எங்கே பிள்ளே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு நேர்த்தியாகச் செய்ததில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டாரே என்று ஆத்திரம். பஸ்ஸில் வரும்போதும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சுங்குவார்சத்திரம் ஸ்டாப்பில் இறங்கினால், டீக்கடை வாசலில் அக்காவோடு லைனில் வேலை பார்க்கும் தோழி. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். "உங்கக்காவுக்கு இன்னா பைத்தியமா? ஜப்பான்ல ஆறு மாசம் ட்ரெய்னிங். லைன்லருந்து நாலு பேரத்தான் எடுத்துகிறாங்கோ. இவ வாணாம்னு சொல்ட்டு வந்துட்டா. திங்கக்கெழம வரைக்கும் யோசிக்கச் சொல்லிகிறாங்கோ. நீயாவது சொல்லுடி."

வீட்டில் அக்கா முதல் ஷிஃப்ட் முடித்து வந்து, தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜப்பானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன் வேணாம்னு சொன்ன?"

எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "எனுக்குக் குளிரு ஒத்துக்காது."

"ஊட்டில அந்தக் குளிர்ல ரெண்டு ஐஸ்கிரீம் துன்ன. ஏன்?"

"பாஷ தெரியாதுடி."

"கம்பெனிலயே கிளாஸ் எடுக்கறாங்க, கூட மூணு பேர் வேற வராங்க. ஏன்?"

கத்தியைக் கீழே வைத்தாள். "உனுக்கு அடுத்த வருசம் பிளஸ் டூ. அப்பா விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் ஓட்டப் போயிடுறாரு. உன்ன யாரு எழுப்புவா? யாரு சோறாக்குவா?"

மூலக் காரணம் கிடைத்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன், எனக்காக இவ்வளவு செய்கிறாளே என்று கொஞ்சம் அழுதுமிருப்பேன். ஆனால் மிஸ் கேட்ட கேள்வி இன்னும் குடைந்துகொண்டிருந்தது.

"அதெல்லாம் எங்க காரணம்கா. நாங்க சமாளிச்சிக்குவோம். உன் காரணம் இன்னா?"

அக்கா கத்தியை எடுத்தாள். நறுக்கிய பீன்ஸையே மறுபடி நறுக்கினாள். அம்மா இறந்துபோனபோது அவளுக்குப் பதினேழு வயது. அன்றிலிருந்து எட்டு வருடமாக இந்த வீடு அவள் தலையில்தான்.

"சமாளிச்சிக்குவீங்கன்னு எனுக்கும் தெரியும்" என்றாள் கடைசியில். "நான் இல்லாமயே வூடு ஓடிட்ச்சின்னா, அப்பறம் நான் திரும்பி வந்து இன்னாடி பண்றது?"

அப்பா போ போ என்று சொல்லும்போதெல்லாம் அந்த ஜப்பான் மகளின் முகம் ஏன் வாடியது என்று அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. அவளையும் நான்தான் மூட்டையைக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்பதைவிடக் கொடுமையாக வேறெதையும் அக்காவிடம் சொல்லியிருக்க முடியாது. அதைத்தான் பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

"சமாளிக்க மாட்டேன்கா" என்றேன். "சத்தியமா முடியாது. சோறு குழஞ்சிடும். ஸ்கூலுக்கு தெனம் லேட்டாதான் போவேன். நீ வர வரைக்கும் எல்லாம் நாசமாத்தான் கெடக்கும். ஆனாலும் போ."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொன்னதை நம்பினாளா என்று தெரியவில்லை, நம்ப வேண்டும் என்று விரும்பியது மட்டும் முகத்தில் தெரிந்தது. திங்கட்கிழமை பேர் கொடுத்துவிட்டு வந்தாள். ஜூனில் கிளம்பினாள்.

முதல் வாரம் நான் சொன்னபடியே எல்லாம் நாசமாயின. மூன்றாவது வாரத்தில் எனக்குச் சாம்பார் கைவந்துவிட்டது. அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்தது. பிளஸ் டூ பாடங்களும் அதுபாட்டுக்கு ஓடின. வீடு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அக்காவை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோ காலில் வந்தாள். தடிமனான ஸ்வெட்டர் போட்டிருந்தாள், கன்னம் சிவந்திருந்தது. சாப்பாட்டு நேரம். அப்பா தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் போனை எங்கள் முகம் மட்டும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, "சாம்பார் இன்னிக்கும் தண்ணியாப் பூட்ச்சிக்கா" என்றேன்.

அக்கா உற்சாகமாகிவிட்டாள். பருப்பு எத்தனை டம்ளர், புளி எவ்வளவு, எப்போது இறக்க வேண்டும் என்று அங்கிருந்து பாடம் நடத்தினாள். அப்பா சாப்பிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். இவர் எங்கே உண்மையைப் போட்டு உடைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு, போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"வாயில வெக்க முடியலம்மா" என்றார். "நீ எப்ப வருவ?"

அக்கா சிரித்தாள். அப்பா மூன்றாவது தடவையாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டார்.