கஞ்சி ஊற்றிய இடம்

அளவெட்டியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்து, சென்ற ஆண்டு கோடையில் மோர்னிங்சைட்டில் எம்மை விட்டுப் பிரிந்த என் அண்ணாவைப் பற்றி முதலாண்டு நினைவு மலருக்கு எழுதும்படி இரண்டாவது முறையாகக் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தோராம் நாள் கொடுத்த மலருக்கு நான் எழுதவில்லை. அப்போது ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. இந்த நான்கு வரிக்குள் இரண்டு தடவை எழுந்துபோய் ஜன்னலால் பின்வளவுப் புல்லைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அச்சகத்துத் தம்பி நேற்றும் போன் எடுத்தார்.

"அக்கா, மற்ற எல்லாரும் தந்திட்டினம். உங்கட கட்டுரை மட்டுந்தான் இன்னும் வரேல்லை."

இந்த இருப்புக் கொள்ளாத குணம் எங்கள் குடும்பச் சொத்து. அதில் அண்ணாவுக்கு இரட்டைப் பங்கு. பரீட்சைக்குப் படித்ததே முற்றத்தில் நடந்துகொண்டுதான். நாட்டு நிலைமை கெட்டபோது கொழும்புக்குப் போனார், அங்கிருந்து இந்தப் பனி நாட்டுக்கு வந்தார். உணவகத்தில் கோப்பை கழுவினார், தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார், பிறகு நெடுங்காலம் லொறி ஓட்டினார். அம்மாவையும் என்னையும் கூப்பிட்டெடுத்து, மல்வேர்னில் வாடகை வீடு வீடாக மாறி, என் கலியாணத்தையும் ஒப்பேற்றிய பிறகுதான் தனக்கென்று ஒரு வீடு வாங்கினார். என் கணவர் காலமானபோது, "சாமானைக் கட்டு, பேஸ்மென்ற் சும்மா தானே கிடக்குது" என்றார். பதினொரு வருடமாக நான் வீட்டுக்கு அடியிலுள்ள அந்த பேஸ்மென்றில்தான் இருக்கிறேன்.

ஒரு படத்தைக் கடைசிவரை இருந்து பார்த்தறியாத மனிதர் அந்த வீட்டின் புல்லுக்கு முன்னால் மட்டும் பொறுமையாக நிற்பார். மூன்று அங்குலத்துக்குக் குறைய வெட்ட விடமாட்டார். கட்டையாக வெட்டினால் வெயில் வேரைச் சுட்டுவிடுமாம். வெட்டிய புல்லை வாரி எடுக்கவும் விடமாட்டார், அதுவே பசளையாம். ஒவ்வொரு வசந்தத்திலும் புல்வெட்டும் மெஷினின் கத்தியைத் தீட்டக் கொடுப்பார். தண்ணீரைத் தினமும் தெளிக்காமல் வாரத்துக்கு ஒருமுறை, விடியற்காலையில், ஆழமாக ஊறவிடுவார். இலையுதிர்காலத்தில் மண்ணில் துளை போட்டுப் பசளை இடுவார். பனி உருகியதும், அழுகிக் கிடக்கும் புல்லை மெல்லக் கோதி எழுப்பிவிடுவார்.

நான் நக்கலடித்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

"பிள்ளையாருக்கு வைக்கிற அறுகம்புல்லும் இல்லை, ஆட்டுக்குப் போடவும் ஏலாது. உதுக்கு ஏன் அண்ணா உவ்வளவு பாடு?"

"உனக்கு விளங்காது. வழியை விடு, வெயில் ஏற முன்னம் தண்ணி விடோணும்."

இன்னொன்றையும் நக்கலடித்தேன். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் கராஜில் பெரிய பானையில் சோறு வேகும். வடிக்கிற நேரம் அண்ணா பின்கதவடியில் வந்து நிற்பார். யாருடன் கதைத்துக்கொண்டிருந்தாலும் பாதியில் எழும்பி வந்துவிடுவார். "கஞ்சியை என்னட்டைத் தாங்கோ, வெளியிலை ஊத்தாதேங்கோ" என்று கொதிக்கக் கொதிக்க வாளியில் வாங்கி, பேஸ்மென்றில் உடுப்புத் தோய்க்கும் தொட்டிவரை தூக்கிக்கொண்டு போய் அதற்குள் ஊற்றுவார். "கஞ்சிக்குக் காவல் நிக்கிறார்" என்று நாங்கள் சிரிப்போம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சென்ற வருடம் இருதயம் பலவீனமாகி, மெஷினைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு ஜமேக்காக்காரர் வந்து வெட்டித் தந்தார். அண்ணா கதிரையில் இருந்தபடி கைவிரலால் மூன்று அங்குலம் காட்டிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டதும் அதுதான்: "மழை பெய்ததோ?" ஓம் என்றேன். பெய்யவில்லை. அந்தப் பொய்க்காக இன்றுவரை வருத்தமில்லை. நான் வருந்துவது அதற்குப் பிறகு செய்ததற்கு.

முப்பத்தோராம் நாள் சோற்றுக்கு நான் பொறுப்பு. ஐயர் கிரியையை முடிக்கிற நேரமாகிவிட்டது, சனம் வந்து நிறைந்துவிட்டது. சோற்றை வடித்து வாளியுடன் திரும்பினேன். பின்கதவடியில் ஒருவரும் இல்லை. அரைக்கணம் யாருக்காகவோ காத்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு கதவைத் திறந்து புல்லில் ஊற்றினேன். ஊரில் வாழையடியில் கஞ்சி ஊற்றிப் பழகிய கை. நான்கு வாளி, உப்புப் போட்ட கொதிகஞ்சி.

இரண்டு நாளில் அந்த இடம் மஞ்சளானது. ஒரு கிழமையில் சாப்பாட்டு மேசை அளவுக்கு வைக்கோலாகிக் கிடந்தது. அண்ணாவின் மனைவி, என் மச்சாள், குசினி ஜன்னலடியில் நின்று தேத்தண்ணி குடித்தபடி அண்ணா புல் வெட்டுவதைப் பார்க்கிறவர். அந்தக் கிழமை அந்த ஜன்னலுக்குத் திரை போட்டார். என்னை ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆண்டு முடிவில் வரும் ஆட்டைத் திவசத்துக்குச் சனம் வருவதற்குள் அந்த இடத்தைப் பச்சையாக்கி, மச்சாளின் கையாலேயே அந்தத் திரையை விலக்க வைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அவசரக்காரி செய்யக்கூடிய பிழை அத்தனையும் செய்தேன். ஆவணிக் கடைசிதான் விதைக்கச் சரியான காலம், மண்ணில் சூடும் காற்றில் குளிரும் இருக்கும் காலம். அதை வெட்கத்தில் தவறவிட்டு, ஐப்பசி முடிகிற நேரத்தில் விதை வீசினேன். குருவிகள் தின்றது போக மிச்சத்தைப் பனி மூடியது. பனி போனதும் திரும்பவும் வீசினேன். களையும் வரக்கூடாது என்று களை தடுக்கும் சோளத்தூளையும் சேர்த்துத் தூவினேன். அது களை விதையை மட்டுமல்ல, புல் விதையையும் முளைக்கவிடாது என்று பையின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. நான் முன்பக்கத்தை மட்டும் வாசித்திருந்தேன். நாளுக்குப் பத்துத் தரம் ஓடிப்போய்க் குந்தியிருந்து பார்ப்பேன். ஒன்றும் இல்லை. பிறகு வெயில் வந்துவிட்டது. திதிக்கு இன்னும் இரண்டு கிழமை. விதையை நம்பி இனிப் பயனில்லை என்று, பாய் மாதிரிச் சுருட்டி விற்கும் வளர்ந்த புல்லுக்குச் சொல்லிவைக்கப் போனை எடுத்தேன்.

மச்சாள் மேலே இருந்து இறங்கி வந்தார். கையில், தமிழ்க் கடையில் வருடா வருடம் சும்மா தரும் மாதக் கலண்டர்கள் ஒரு கட்டு.

"போனை வையும். இதைப் பாரும் முதல்."

விரத நாட்களுக்கும் ராகுகாலத்துக்கும் நடுவில் அண்ணாவின் குண்டுக் கையெழுத்து. இன்று வெட்டினது. மழை, தண்ணி விடேல்லை. கத்தி தீட்டக் குடுத்தது. மச்சாள் அடியில் கிடந்த கலண்டரை இழுத்தெடுத்தார். வீடு வாங்கிக் குடிபூரல் செய்த வருடத்துக் கலண்டர் அது.

"கஞ்சி ஊத்தின இடம் செத்துப் போச்சு. என்ர பிழை." கீழே, "விதை போட்டது." பிறகு கட்டம் கட்டமாக, "முளைக்கேல்லை." "முளைக்கேல்லை." அடுத்த வருடம் மீண்டும், "விதை போட்டது." "முளைக்கேல்லை." மூன்றாவது வருடம் ஆவணி கழிந்து ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சொல்: "பச்சை."

"குடிபூரல் அண்டைக்கு அவர்தான் ஊத்தினவர்," என்றார் மச்சாள். "அதே இடத்திலைதான். உங்களுக்கு ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டவர். நீங்கள் சிரிப்பியளாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அப்ப ஏன் மச்சாள் திரை போட்டனீங்கள்?"

"அவர் இல்லாத வளவை எப்பிடிப் பாக்கிறது? நீர் அந்த மண்ணிலை போய்க் குந்தி இருக்கிறதை நான் திரைக்குள்ளாலை எத்தினை நாள் பாத்தனான் தெரியுமே? இனி வந்து என்னோடை இரும்."

சுருட்டுப் புல் வாங்கவில்லை. அடுத்த நாள் காலையில் மேலே போனபோது திரை விலகியிருந்தது. இரண்டு பேரும் நின்று தேத்தண்ணி குடித்தோம். பிறகு இந்த வருடத்துக் கலண்டரை இறக்கி, அண்ணா எழுதியதையே எழுதினேன்: "கஞ்சி ஊத்தின இடம். என்ர பிழை."

அண்ணாவின் நோயில் துணைநின்ற வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், மரணச் செய்தி கேட்டு ஓடிவந்தோருக்கும், தூர நாடுகளிலிருந்து தொலைபேசியில் அழுதோருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், இடியப்பமும் சொதியுமாக எங்களைப் பட்டினி கிடக்கவிடாத அயலவர்க்கும், இன்றும் மூன்று அங்குலத்தில் வெட்டித்தரும் பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

திவசத்துக்கு வரும் உறவுகளே, பின்வளவில் ஒரு மொட்டை இடத்தைக் காண்பீர்கள். விதை ஆவணிக் கடைசியில்தான் போடுவோம். முளைக்காவிட்டால் அடுத்த ஆவணியில் போடுவோம். திவசத்தன்று சோறு வடிப்பவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. பின்கதவடியில் நான் நிற்பேன். கஞ்சியை என்னிடம் தாருங்கள்.