பேச்சியம்மாள் திருத்திய ஒரு சொல்

சின்னமனூரில் மேகமலைப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். பையில் சட்ட வரைவின் திருத்திய படி இருந்தது. மேலிருந்து வந்த வண்டியின் நடத்துநர் என்னைப் பார்த்ததும் தயங்கினார். "அய்யா, பேச்சியம்மாவப் பாக்கத்தான போறீக? காலையில போயிட்டாக." பேச்சியம்மாளுக்கு வாசித்துக் காட்டவென்று ஐந்தாம் பக்கத்தில் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தேன். அதே வண்டியில் ஏறி, இறுதிச் சடங்குக்குப் போனேன்.

நம் தோட்டத் தொழிலாளர் சங்கத்தாருக்கு அவரைத் தெரியும். இருந்தாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சியம்மாள் தேயிலை பறித்தவர். அவர் கணவர் நிழல்மரத்தில் ஏறிக் கிளை கழிக்கும்போது விழுந்து இறந்தார். கடைசிவரை தற்காலிகத் தொழிலாளி என்பதால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் இல்லை. ஒரே மகள் லட்சுமிக்கு வயது நாற்பதாகிறது, பிறந்ததிலிருந்து நடக்க முடியாது. முதியோர், ஊனமுற்றோர், இறந்தவரின் குடும்பத்தார் ஆகியோருக்கான உதவிகளைத் தற்காலிகத் தொழிலாளர்களுக்கும் விரிவாக்கும் சட்ட வரைவு வந்தபோது, லயம் லயமாக, தொழிலாளர் வீட்டு வரிசை ஒவ்வொன்றாக, ஏறி இறங்கி ஆள் திரட்டியவர் அவர். எஸ்டேட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நான் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அதிலும் ஒரு பிழை செய்தேன். இறந்தவரின் குடும்பத்தாரைக் குறிக்க வரைவில் இருந்த 'சர்வைவர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை அகராதி பார்த்துப் பெயர்த்து, 'உயிர் பிழைத்தோருக்கான உதவி: பெயர் தருக' என்று அறிவிப்பு எழுதித் தேநீர்க் கடையில் ஒட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விதவைகூட வரவில்லை. வந்தவர் ஒரே ஒருவர், மூக்கையா. "போன மழையில யானை தொரத்துச்சு. ஓடையில விழுந்து தப்பிச்சேன். என் பேர எழுதிக்கங்க" என்றார்.

பேச்சியம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏலே மூக்கையா, சட்டம் ஒனக்கா, அந்த யானைக்கா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "கிளார்க்கய்யா, புருசனக் குழியில வச்சிட்டு வந்தவ எவளாச்சும் நான் உசுரு பொழச்சவன்னு பேர் குடுப்பாளா? ஊரு என்ன பேசும்?"

பேனாவை அவரிடம் நீட்டினேன். இனி வேறு யாராவது எழுதட்டும் என்றேன். அவர் பேனாவை என் கையிலேயே திணித்தார். "அடிச்சிட்டு எழுதுங்க. 'அவுக போன பெறகு இருக்கிறவுக'ன்னு போடுங்க." அது எழுத்து வழக்கு அல்லவே என்று தயங்கினேன். "படிக்கப் போறது எழுத்தா, பொம்பளைகளா?" என்றார். 'போனவர்களுக்குப் பிறகு இருக்கிறவர்கள்' என்று திருத்தி ஒட்டினேன். அடுத்த ஞாயிறு பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள்.

தேனியில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, முதல் வரியோடு நின்றுவிட்டேன். பேச்சியம்மாள் தாளை என்னிடமிருந்து வாங்கி மடித்து மேசைமேல் வைத்தார். "இது கிளார்க்கய்யா எழுதுனது, நல்லா இருக்கும், படிச்சுக்கங்க. நான் ஒண்ணு மட்டும் கேக்குறேன். எம் மகளுக்கு நடக்க வராது. நான் இருக்கிற வரைக்கும் நான் தூக்கிருவேன். நான் போன பெறகு யாரு தூக்குவா? ஒங்க சட்டத்துல அவளுக்கு எடம் இருக்கா?" அதிகாரி எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

திருத்திய வரைவின் ஐந்தாம் பக்கத்தில், பெற்றோருக்குப் பிறகும் இயலாத பிள்ளைகளுக்கு உதவி தொடரும் என்ற ஒரு வரி புதிதாக இருக்கிறது. அவர் கேட்டதால்தான் வந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வரைவு இன்னும் சட்டமாகவில்லை. அந்த வரியை எடுத்துவிடவும் கூடும்.

இறுதிச் சடங்கன்று லயத்தில் லட்சுமியைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். "அய்யா, அம்மா சொன்ன சட்டம் வந்திருச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் வரல தாயி."

"அப்ப அடுத்த கூட்டத்துல யாரு பேசுவா?"

சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சியம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது, தேனியில் அவர் கேட்ட, யாரு தூக்குவா என்ற அந்தக் கேள்விதான். இந்த முறை நான்கு பக்கம் எழுதவில்லை. அதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, தினமும் காலையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன். பாதியில் குரல் நின்றுபோகிறது, மறுபடி தொடங்குகிறேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. 'நான் போன பெறகு' என்ற இடத்தில் 'அவுக போன பெறகு' என்று எழுதியிருக்கிறேன்.