மதர்போர்டு போய்விட்டது என்றார்கள்

இங்கே சில கடைகளில் நான் கேள்வி கேட்டால் பதில் என் கணவருக்குப் போகிறது. காய்கறிக் கடையிலும் மீன் கடையிலும் அப்படியில்லை; அங்கே என்னோடு நன்றாகவே வாயாடுகிறார்கள். மோட்டார், ஒயர், சார்ஜர் என்று எதையாவது விற்கிற கடையாக இருந்தால் மட்டும் கடைக்காரரின் பார்வை என் தோளைத் தாண்டி, பின்னால் ஹெல்மெட்டோடு நிற்கும் சேகரிடம் போய்விடும். "எந்த மாடல் சார்?" என்பார். கேட்டவள் நான். மடிக்கணினி என்னுடையது. சேகருக்கு அதன் பாஸ்வேர்டுகூடத் தெரியாது. இந்தியா எப்படி இருக்கிறது என்று ஈப்போத் தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வெயிலைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் எழுதிவிட்டேன். இதைக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னை அறியாதவர்களுக்கு: நான் கோலாலம்பூருக்கு வடக்கே இருக்கும் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு தனியார் கிளினிக் குழுமத்தின் கணினிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. ஒப்பந்தத்தில் அங்குள்ள தொழிற்சாலைக்கு வந்த சேகரைத் திருமணம் செய்துகொண்டேன். ஒப்பந்தம் முடிந்ததும் அவருடைய ஊருக்கு வந்துவிட்டோம். மாமனார் ஆவடி பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பக்கத்தில் வெள்ளானூரில் வாங்கிய பிளாட்டில்தான் இப்போது நாங்கள் இருக்கிறோம். என் மேலாளர் மிஸஸ் லிம் என்னை விடவில்லை. "அங்கிருந்தே வேலை செய், கவுண்டர் கணினிகளை இணையம் வழியாகப் பார்த்துக்கொள்" என்றார். ஆக, அந்த மடிக்கணினிதான் என் அலுவலகம்.

அதுதான் படுத்துவிட்டது. நடுநடுவே நீலத் திரை காட்டி அணைந்தது. ஓ.எஸ்ஸை, அதாவது இயங்குதளத்தை, அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அரை நாள் ஓடியது. கிளினிக் கவுண்டரில் இருக்கும் ரொஹானி, நோயாளிகள் வரிசையில் நிற்க, "அட்டை அச்சாகவில்லை" என்று அழைத்தாள். அவள் திரைக்குள் நான் நுழைந்து பாதி வேலையில் இருந்தபோது மறுபடியும் நீலம். மறுபடி ஓ.எஸ். போட்டேன்; மறுபடி நீலம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைச் செய்தி. புதிதாகப் போட்ட ஓ.எஸ். இப்படி ஒவ்வொரு தடவையும் வேறு காரணம் சொல்லிச் சாகிறதென்றால், எங்கள் தொழிலில் முதலில் சந்தேகிப்பது மெமரியை, அதாவது ரேம் துண்டை. என் பென்டிரைவில் இருந்த மெமரி சோதனையை ஓட்டினேன். திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு வரிகள். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். ஈப்போவில் என்றால் என் மேசை இழுப்பறையைத் திறந்து வேறொரு மெமரியை எடுத்து மாட்டியிருப்பேன். அந்த உபகரணங்கள் கிளினிக்குக்குச் சொந்தம், என்னோடு வரவில்லை. அதனால்தான் ஆவடியில் ஒரு கடைக்குப் போனோம்.

அவசரத்தில் என் வாயில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "மெமரி ரோசாக்" என்றேன். மலாயில் ரோசாக் என்றால் பழுது; அங்கே தமிழர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

"ரோசாவா? யாரு மேடம் அது?" என்றார் கடைக்காரர்.

"மெமரி கெட்டுப் போச்சு. நான் டெஸ்ட் போட்டுப் பார்த்துட்டேன். வேற ஒன்னு குடுங்க, மாட்டிப் பார்க்கிறேன்."

"மெமரிலாம் ஃபுல்லாவல மேடம். நெறய எடம் கீது" என்று, நான் கோப்பு சேமிக்கும் இடத்தைப் பற்றிக் கேட்டது போல என்னிடம் சொல்லிவிட்டு, சேகர் பக்கம் திரும்பினார். "மேடம் ஓஎஸ் போடறேன்னு இன்னாத்தயோ நோண்டிக்கீறாங்க சார். குட்த்துட்டுப் போங்க, நாங்க பாத்துக்குறோம்."

சிவப்பு வரிகளின் படத்தைக் காட்டினேன். குழந்தை கிறுக்கிய படத்தைப் பார்ப்பது போலப் பார்த்து, தலையாட்டி, கைப்பேசியை என்னிடமே திருப்பித் தந்தார். ரசீதில் என் எண்ணை எழுதச் சொன்னேன், எழுதினார். ஆனால் வேலை முடிந்ததும் அம்பத்தூரில் வேலையில் இருந்த சேகருக்குத்தான் அழைப்பு போனது. நான் ஓ.எஸ். தப்பாகப் போட்டிருந்தேனாம், அவர்கள் சரியாகப் போட்டுவிட்டார்களாம், இப்போது சூப்பராகக் கீதாம். வீட்டுக்கு வந்து ரொஹானியின் அழைப்பை எடுத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே நீலம். மறுபடி கடைக்குப் போனோம். அவர் சேகரிடம், ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தி, "மதர்போர்டு பூட்ச்சு சார். இத்த வெச்சிகினு கஷ்டப்படாதீங்க. வேற வாங்கிடுங்க" என்றார். சேகர் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சாலையோரத்திலேயே கேட்டேன், எதற்குத் தலையாட்டினீர்கள் என்று.

"சண்ட எதுக்குன்னுதான். நீ பேசறது அவருக்குப் புரியல, அவ்ளோதான்" என்றார்.

"புரியலையா? காதுலயே வாங்கலையா?"

அவர் வண்டியைக் கிளப்பினார். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. அன்று மிஸஸ் லிம்மிடமிருந்து செய்தியும் வந்தது: இந்த வாரத்துக்குள் சரியாகவில்லை என்றால் அங்கேயே ஓர் ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று.

ஈப்போவைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. வாடகைக்கு அறை தேடிய காலத்தில் "இந்தியர்களுக்கு இல்லை" என்று விளம்பரத்திலேயே போட்டிருந்ததைப் படித்தவள் நான். தொலைபேசியில் என் மலாய்ப் பேச்சைக் கேட்டு வரச் சொன்னவர்கள், வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் அறை போய்விட்டது என்றார்கள். அப்போதும் இப்படித்தான் கொதித்தேன். ஆனால் வேலையிடத்தில் ஒன்று இருந்தது. "நகருங்க டாக்டர்" என்று நான் சொன்னால் பெரிய டாக்டர்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். என்ன பழுது என்று என்னைத்தான் கேட்பார். அங்கே என் முகத்துக்கு அறை கிடைக்கவில்லை. என் கைக்கு மரியாதை இருந்தது. இங்கே எல்லோர் முகமும் என் முகம்தான். பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாளே என்னை மகளே என்று கூப்பிட்டார். என் கை மட்டும் யார் கண்ணுக்கும் படவில்லை.

மறுநாள் வெள்ளானூரிலேயே ஒரு ஹார்டுவேர் கடையில் சிறிய ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கினேன். சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து மடிக்கணினியைக் குப்புறப் போட்டுத் திறந்தேன். சேகர் விடுப்பு எடுத்திருந்தார். கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இரண்டு மெமரித் துண்டுகள். ஒன்றைக் கழற்றிவிட்டுச் சோதனை ஓட்டினேன்: ஒரு சிவப்பு வரி இல்லை. அதே இடத்தில் மற்றதை மாட்டி ஓட்டினேன்: சிவப்பு கொட்டியது. மதர்போர்டு கல்லுப் போல இருந்தது.

"நீ மொதல்லயே சொன்ன" என்றார் சேகர்.

"சொன்னேன்" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

நல்ல துண்டு ஒன்று மட்டும் இருந்தால் வேகம் போதாது. இன்னொன்று வாங்க அதே கடைக்குப் போனேன். வேறு கடை இல்லாமல் இல்லை. அங்கேதான் போக வேண்டும் என்றிருந்தது. சேகர் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டு ஷேர் ஆட்டோவில் தனியாகப் போனேன். கடைக்காரர் என் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"சார் வர்லயா?"

"வரலை. என்கிட்டயே பேசுங்க." கெட்டுப்போன துண்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். "இதுதான் பழுது. மதர்போர்டு நல்லா இருக்கு. இதே மாதிரி ஒன்னு குடுங்க."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய்த் தன் கணினி ஒன்றில் மாட்டிப் பார்த்தார். நீலத் திரை வந்தது. வெளியே வந்தவர், மெய்யாகவே என் மேல் வருத்தப்பட்டவர் போலச் சொன்னார்: "இன்னா மேடம், இத்த மொத தபாவே சொல்லிருக்கலாம்ல?"

கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு என் குரல் எழுந்தது. "சொன்னேன். இதே இடத்துல நின்னு உங்ககிட்டதான் சொன்னேன். படம் காட்டினேன். நீங்க கேட்கலை."

அவர் உள்ளே போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. புதிய மெமரியை எடுத்துவந்து, உறையைப் பிரிக்காமல், முதல் முறையாக நேராக என் கையில் கொடுத்தார்.

பழுதான மெமரி வழியாக எழுதப்பட்ட எதையும் நம்ப முடியாது என்பதால் ஓ.எஸ்ஸைக் கடைசியாக ஒரு முறை அடியிலிருந்து போட்டேன். அதற்குப் பிறகு அணையவில்லை. ஆனால் மிஸஸ் லிம் அதற்குள் பாதிக் கவுண்டர்களை ஈப்போவில் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். "மன்னித்துக்கொள், நோயாளிகள் காத்திருக்க மாட்டார்கள்" என்று எழுதினார். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் கோபம் போகவில்லை.

ஓ.எஸ். முதல் முறை விழிக்கும்போது எந்த நாடு என்று கேட்டது. இந்தியா என்று கொடுத்தேன். எந்த ஊர் நேரம் என்று கேட்டபோது விரல் சற்று நின்று, கோலாலம்பூரில் அழுத்தியது. அங்கே எட்டு மணிக்கு, இங்கே ஐந்தரைக்கு, கிளினிக் திறக்கிறது. "செலாமத் பாகி" என்று ரொஹானிக்குக் காலை வணக்கம் சொல்கிறேன். இப்போதே என்ன வெயில் என்று அலுத்துக்கொள்கிறாள். ஆமாம் என்கிறேன். என் ஜன்னலுக்கு வெளியே வெள்ளானூரில் தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கின்றன.