வளைவில் நிற்காத மைக்கா

மேசையில் ஒட்டும் மைக்காத் தகடு ஒடியும்போது எழும் சத்தம் சின்னதுதான். அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு ‘படக்’. ஆரியசாலையில் அண்ணன் வீட்டில் தங்கி நான் வேலைக்குப் போய்வந்த வருடம், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதை மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை மதினி உடைந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எந்த இடத்தில் ஒடிந்திருக்கிறது என்று பார்த்தாள். பிறகு அடுத்த துண்டை எடுத்தாள்.

அண்ணன் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் இருபது வருடம் நின்றவன். ஆணியைத் தொட்டே அளவு சொல்வான். சர்க்கரை வியாதி கண்ணைப் பிடித்து, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிற நிலைக்கு வந்த பிறகும் வீட்டுக்குள் தனியே நடந்துகொண்டுதான் இருந்தான். ஒருநாள் கால் இடறி விழுந்ததில் சாப்பாட்டு மேசையின் முனை நெற்றியைக் கிழித்தது. நான்கு தையல். அன்று கட்டிலில் உட்கார்ந்தவன், மதினியின் தோளைப் பிடிக்காமல் பிறகு எழவேயில்லை. “நான் இங்கயே இருந்துக்கிடுதேன். எல்லாருக்கும் அதுதான் நல்லது” என்றான்.

மேசையை வெளியே தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். மதினி சம்மதிக்கவில்லை. படுக்கையறையிலிருந்து அடுக்களைக்குப் போகும் வழி நெடுக அந்த மேசைதான் கிடந்தது. அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே அவன் தனியாகப் போய்விட முடியும் என்று அவள் நம்பினாள். அதற்கு முனைகள் உருண்டையாக வேண்டும். பிளைவுட் சிராய் விரலில் ஏறாதபடி விளிம்பு முழுக்க மைக்கா ஒட்ட வேண்டும். மலையாளியான தச்சர் வந்து நான்கு முனைகளையும் வளைத்து அறுத்துக் கொடுத்தார். மைக்கா என்றதும் கையை விரித்தார்.

“வளைவுல அது நிக்காது சேச்சி, பொட்டிப் போவும். பெயின்ட் அடிச்சா மதி, அது போதும்.”

“பெயின்ட் உரிஞ்சா சிராய் ஏறும்லா? நானே ஒட்டிக்கிடுதேன்.”

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான்காவது துண்டின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கினாள். துணி விரித்து இஸ்திரிப்பெட்டியால் சூடேற்றினாள். ஒடியாமல் வளைந்தது. ஆனால் பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்க மாட்டிய இரும்புக் கிளாம்பு வளைவில் வழுக்கியது. மறுநாள் பார்த்தால் மைக்கா நடுவில் எழும்பி நின்றது.

அடுத்த ஞாயிறு, பழைய சைக்கிள் டியூப்களை நீள நாடாவாக வெட்டி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். மேசையைச் சுற்றி இழுத்துக் கட்டினால் நான்கு வளைவும் ஒருசேர அழுந்தும். சூடான மைக்காவை நான் பிடித்துக்கொள்ள, அவள் டியூப்பை இழுத்தாள். வழுக்கியது. மறுபடி இழுத்தாள்.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கேட்டது. “வளைவுலயா தொடங்குதே? நேர்ப்பக்கத்துல இருந்து இழு.”

மதினி கையை நிறுத்தினாள். “அங்க இருந்து சொன்னா எனக்கு விளங்கல. இங்க வந்து சொல்லுங்க.”

அவள் போய்க் கூட்டி வரவில்லை. நான் எழப்போனேன், கண்ணாலேயே தடுத்தாள். பிறகு கட்டில் முனகியது. சுவரைத் தடவியபடி அண்ணன் வந்தான். விளிம்பை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறிய ஓரிடத்தில் நின்றான். “இங்க உள்ள காத்து நிக்கு.” நாங்கள் இருவரும் கண்ணால் பார்த்துப் பார்த்தும் காணாத இடம் அது. தோளில் கிடந்த துண்டை மடித்து அங்கே வைத்து அழுத்திக்கொண்டான். மதினி சுற்றிச் சுற்றி வந்து டியூப்பை இறுக்கினாள். அவள் முகத்தில் வியர்வை எது, கண்ணீர் எது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் டியூப்பை அவிழ்த்தபோது மைக்கா அசையவில்லை. அண்ணன் அந்த விளிம்பைப் பிடித்தபடி அடுக்களைக்குப் போய், தானே தண்ணீர் எடுத்துக் குடித்தான்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். போன மாதம் அங்கே போனபோது அண்ணன் கையில் கோலோடு வாசலில் நின்றான். இரண்டு வீடு தள்ளி, கண் மங்கிய ஒரு டீச்சரின் மேசைக்கு மதினி மைக்கா ஒட்டப் போயிருக்கிறாளாம்.

“உள்ள இரு, பிளாஸ்க்குல சாயா இருக்கு” என்றான். “அவளால ஒத்தையில இழுக்க முடியாதுல்லா. நான் போய்ப் பிடிச்சுக் குடுத்துட்டு வாரேன்.”

படிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தனியாகத் தெருவில் இறங்கி நடந்தான்.